மாட்டிய டர்போ ஏன் புகைகிறது? ஆயில் உள்ளே போய் வெளியே வரும் கணக்கு

டர்போ இல்லாமல் வந்த கார் எஞ்சினுக்கு வெளியிலிருந்து ஒரு டர்போ வாங்கி மாட்டுகிறார்கள். வண்டி நன்றாக இழுக்கிறது. ஆனால் சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் சைலன்சரில் நீலப் புகை. "ஆயில் சீல் போயிருச்சு, டர்போவை மாத்து" என்கிறார் ஒருவர். "ப்ரெஷர் அதிகம், ரெஸ்ட்ரிக்டர் (ஆயில் ஓட்டத்தைக் குறைக்கும் சிறு துளை இணைப்பு) போடு" என்கிறார் இன்னொருவர். "ரெஸ்ட்ரிக்டர் போட்டா பேரிங் காஞ்சிடும், தொடாதே" என்று மூன்றாமவர் பயமுறுத்துகிறார். மூன்றுமே ஏதோ ஒரு வண்டியில் பலித்த ஆலோசனைகள்தான். உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்பது டர்போவுக்குள் ஆயில் என்ன செய்கிறது, எந்த வழியில் வருகிறது, எந்த வழியில் போகிறது என்பதைப் பொறுத்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். எல்லோரும் ஆயில் உள்ளே போகும் பைப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். புகைக்குக் காரணம் பெரும்பாலும் வெளியே வரும் பைப்பில் இருக்கிறது.

டர்போவுக்குள் ஆயிலுக்கு என்ன வேலை?

டர்போ என்பது ஒரு ஷாஃப்ட்டின் இரு முனைகளில் இரண்டு சக்கரங்கள். ஒரு பக்கம் டர்பைன். எஞ்சினை விட்டு வெளியேறும் சூடான புகை அதைச் சுழற்றுகிறது. மறுபக்கம் கம்ப்ரஸர், அது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. நடுவில் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்குகள் இருக்கும் பகுதியை நடுக்கூடு என்று வைத்துக்கொள்வோம். ஆயில் போவது இந்த நடுக்கூட்டுக்கு மட்டும்தான்.

வேகத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். பெட்ரோல் எஞ்சினின் கிராங்க் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால் அதை அதிவேகம் என்கிறோம். டர்போ ஷாஃப்ட்டுக்கு 1,50,000 சுற்று என்பது சாதாரணம். சிறிய டர்போக்கள் 2,00,000-ஐயும் தாண்டும். 8 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட் 1,50,000 சுற்றில் ஓடும்போது அதன் மேற்பரப்பு நொடிக்கு 63 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. மணிக்கு 226 கி.மீ. இந்த வேகத்தில் உலோகமும் உலோகமும் ஒரு கணம் தொட்டாலே போதும், கதை முடிந்தது.

ஆகவே ஆயிலுக்கு மூன்று வேலைகள்:

1. ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே மெல்லிய படலமாக நின்று, இரண்டும் தொடாமல் பார்த்துக்கொள்வது.
2. சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறுவது. பெட்ரோல் எஞ்சினில் டர்பைனுக்கு வரும் புகையின் சூடு 900 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். அந்தச் சக்கரத்திலிருந்து ஒருசில சென்டிமீட்டரிலேயே பேரிங் இருக்கிறது.
3. அதிர்வை உள்வாங்குவது. சக்கரங்களில் இருக்கும் மிகச்சிறிய சமனின்மைகூட இந்த வேகத்தில் பெரிய உதறலாகும். அதை அடக்குவதும் ஆயில் படலம்தான்.

இரண்டாவது வேலையைக் கவனியுங்கள். சூட்டை எடுத்துச் செல்ல வேண்டுமானால் ஆயில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ப்ரெஷர் மீட்டர் நல்ல அளவைக் காட்டுவதும், டர்போவுக்குள் ஆயில் ஓடுவதும் ஒன்றல்ல. வாயில் அடைபட்ட பைப்பிலும் ப்ரெஷர் நிற்கும்.

புஷ் பேரிங்கா, பால் பேரிங்கா?

ஆலோசனைகள் முரண்படுவதற்கு முதல் காரணம் இதுதான். டர்போவில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் ஆயில் தேவை வேறு வேறு.

புஷ் வகையில் ஷாஃப்ட்டைச் சுற்றி வெண்கல புஷ் இருக்கும். ஷாஃப்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே ஒரு ஆயில் படலம். புஷ்ஷுக்கும் கூட்டுக்கும் நடுவே இன்னொன்று. பெரும்பாலான டர்போக்களில் புஷ்ஷும் மெதுவாகச் சுற்றும். அதாவது ஷாஃப்ட் உண்மையில் ஆயிலில் மிதக்கிறது. ஆயில் இல்லாமல் கையால் ஆட்டினால் ஷாஃப்ட் மேலும் கீழும் கொஞ்சம் ஆடும். இது பழுது அல்ல, ஆயில் வந்து நிரம்ப வேண்டிய இடம். புதிய டர்போவை வாங்கியவுடன் ஆட்டிப் பார்த்துவிட்டு "இது ஏற்கெனவே ஓடினது" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

இதோடு ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுக்க ஒரு த்ரஸ்ட் பேரிங்கும் உண்டு. ஆயில் குறைந்தால் சீக்கிரம் தேய்வது இதுதான். அதனால்தான் முன்பின் ஆட்டம் கைக்குத் தெரிந்தாலே சந்தேகப்பட வேண்டும்.

பால் பேரிங் வகையில் உருளும் குண்டுகள்தான் ஷாஃப்ட்டைத் தாங்குகின்றன. உராய்வைக் குறைக்க அவற்றுக்குக் கொஞ்சம் ஆயில் போதும். அளவு மீறிப் போனால் குண்டுகள் ஆயிலைக் கடைந்துகொண்டே சுற்றும். சூடும் நுரையும் கூடும். வெளியே வடியவும் சிரமம்.

ரெஸ்ட்ரிக்டர் போடு என்பது பெரும்பாலும் பால் பேரிங் வைத்திருப்பவரின் அனுபவம். போடாதே என்பது புஷ் வைத்திருப்பவரின் அனுபவம். இருவரும் சொல்வது உண்மை, இருவரிடம் இருப்பதும் ஒரே டர்போ அல்ல.

ஆயிலை எங்கிருந்து எடுப்பது?

விதி ஒன்றே ஒன்று: பில்டரைத் தாண்டி வந்த ஆயில், எஞ்சின் பிளாக்கின் மெயின் கேலரி (பிளாக்குக்குள் ஆயில் ஓடும் முதன்மை வழி) ப்ரெஷரில் வேண்டும். நடைமுறையில் இந்த இடங்கள் கிடைக்கும்:

1. ஆயில் ப்ரெஷர் சுவிட்ச் இருக்கும் துளை. எளிதானது, பலரும் செய்வது. சுவிட்சைக் கழற்றி, ஒரு டி வடிவ இணைப்பை மாட்டி, அதன் ஒரு கிளையில் சுவிட்ச், மறு கிளையில் டர்போ லைன். இங்கே ஒரு ஆபத்து உண்டு. கனமான ப்ரெஷர் சென்சாரை நீளமான பித்தளை இணைப்பின் நுனியில் தொங்கவிட்டால், எஞ்சின் அதிர்வில் பித்தளை ஒருநாள் முறியும். முறிந்தால் எஞ்சினின் மொத்த ஆயிலும் ரோட்டில். சென்சாரைப் பாடியில் தனியாகப் பொருத்தி, இணைப்பிலிருந்து ஒரு சிறிய ஹோஸ் இழுப்பதே நல்லது.

2. பில்டருக்கும் பிளாக்குக்கும் இடையே வைக்கும் சாண்ட்விச் பிளேட். இதில் ஆயில் கூலருக்கும் சேர்த்து வழி கிடைக்கும். வாங்குமுன் அதன் துளை பில்டருக்குப் போகும் ஆயிலைத் தருகிறதா, பில்டரிலிருந்து வரும் ஆயிலைத் தருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

3. பிளாக்கில் மெயின் கேலரியை அடைத்திருக்கும் பிளக். எஞ்சினுக்கு எஞ்சின் இடம் மாறும். கைக்கு எட்டினால் இதைவிட நல்ல இடம் இல்லை.

4. சிலிண்டர் ஹெட்டின் கடைசி முனை. இதைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும். பல எஞ்சின்களில் ஹெட்டுக்குப் போகும் ஆயில் ஏற்கெனவே ஒரு சிறு துளை வழியாகக் குறைக்கப்பட்டே போகிறது. ஸ்டார்ட் செய்ததும் ஆயில் அங்கே கடைசியாகத்தான் போய்ச் சேரும்.

மரையில் ஒரு நூலிழை

இந்த இடத்தில் எத்தனையோ பேர் பிளாக்கைக் கெடுத்திருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஜப்பானிய எஞ்சின்களில் ஆயில் சுவிட்ச் துளை பெரும்பாலும் 1/8 அங்குல பி.எஸ்.பி.டி. மரை. சந்தையில் கிடைக்கும் இணைப்புகளில் பாதிக்கு மேல் அமெரிக்க அளவான 1/8 அங்குல என்.பி.டி. இரண்டின் விட்டமும் கண்ணுக்கு ஒன்றுதான். முதலாவதில் அங்குலத்துக்கு 28 மரை, கோணம் 55 டிகிரி. இரண்டாவதில் 27 மரை, கோணம் 60 டிகிரி.

ஒரு மரைக்கு 0.03 மி.மீ. தான் வித்தியாசம் என்பதால் முதல் சில சுற்று சிக்கலில்லாமல் ஏறிவிடும். அப்புறம் இறுகும். இரண்டுமே கூம்பு மரைகள், இறுகத்தானே செய்யும் என்று இன்னும் அரைச் சுற்று ஸ்பேனரைப் போடுவார்கள். ஒன்று மரை கிழியும், அல்லது அலுமினியக் காது விரிசல் விடும். இரண்டும் நடக்காவிட்டால் எஞ்சின் சூடானதும் ஆயில் கசியும். ஐரோப்பிய எஞ்சின்களில் 10 மி.மீ. மெட்ரிக் மரை அதிகம். அது நேர் மரை, செப்பு வாஷர்தான் அடைக்கும். கழற்றிய சுவிட்சை ஒரு மரை அளவியில் வைத்துப் பார்ப்பது இத்தனை தொல்லையையும் தவிர்க்கும்.

இன்னொன்று, டெஃப்லான் டேப். தண்ணீர்க் குழாய்க்குச் சரி, இங்கே வேண்டாம். டேப்பின் ஒரு சிறு நார் பிய்ந்து லைனுக்குள் போனால் நேராக ரெஸ்ட்ரிக்டரின் 1 மி.மீ. துளையில் போய் உட்காரும். திரவ சீலன்ட் கொஞ்சமாக, முதல் மரையை விட்டுவிட்டுத் தடவினால் போதும். டர்போ வாயில் வைக்கும் கேஸ்கெட்டுக்கும் சிலிகான் பசை கூடாது. பிதுங்கி உள்ளே போகும் துணுக்கு இதே வேலையைத்தான் செய்யும்.

ரெஸ்ட்ரிக்டர்: துளையின் கணக்கு

ரெஸ்ட்ரிக்டர் என்பது டர்போ வாயில் பொருத்தும், நடுவில் சிறு துளை உள்ள ஓர் இணைப்பு. அவ்வளவுதான். ஆனால் அந்தத் துளையில் கால் மி.மீ. மாறினாலும் விளைவு பெரிது.

துளை வழியே ஓடும் ஆயிலின் அளவு, துளையின் பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் வர்க்கம். 1 மி.மீ. துளையை 1.5 மி.மீ. ஆக்கினால் ஓட்டம் ஒன்றரை மடங்கு ஆவதில்லை, 2.25 மடங்கு ஆகிறது. 0.5 மி.மீ. ஆக்கினால் கால்வாசிதான் மிஞ்சும். ப்ரெஷருக்கு இவ்வளவு வலு இல்லை. ப்ரெஷர் இரண்டு மடங்கானால் ஓட்டம் சுமார் 1.4 மடங்குதான். சூடான ஆயிலை 4 பார் ப்ரெஷரில் 1 மி.மீ. துளை வழியே விட்டால், தோராயமாக நிமிடத்துக்கு 1 லிட்டர் போகும். 1.5 மி.மீ. என்றால் 2 லிட்டருக்கும் கொஞ்சம் மேல். இது துளைக்கு அந்தப் பக்கம் தடையே இல்லை என்று வைத்துப் போட்ட கணக்கு. உண்மையில் பேரிங்கும் ஒரு தடை என்பதால் இதைவிடக் குறையும்.

கேரட் நிறுவனம் தன் பால் பேரிங் டர்போக்களுக்குச் சொல்லும் அளவு: எஞ்சின் உச்ச வேகத்தில் இருக்கும்போது டர்போ வாயில் 40 முதல் 45 பி.எஸ்.ஐ., அதாவது ஏறக்குறைய 3 பார். அதற்கு மேல் வரும் எஞ்சின்களுக்கு ரெஸ்ட்ரிக்டர் வேண்டும், துளை 0.040 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அதாவது சுமார் 1 மி.மீ. புஷ் வகைக்குப் பொதுவாக ரெஸ்ட்ரிக்டர் தேவையில்லை. 4-ஆம் எண் ஹோஸ், அதாவது கால் அங்குல லைன், போதும். ஹோஸ் எண்களை 16-ஆல் வகுத்தால் அங்குலம் வரும்: 4 என்றால் 4/16, 10 என்றால் 10/16.

இங்கே கவனிக்க வேண்டியவை:

1. சில பால் பேரிங் டர்போக்களில் ரெஸ்ட்ரிக்டர் நடுக்கூட்டுக்குள்ளேயே இருக்கும். வெளியே இன்னொன்று போட்டால் இரண்டும் சேர்ந்து பட்டினி போடும். வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள்.
2. பான்ஜோ போல்ட்டின் (ஹோஸின் வளைய முனையைப் பிடித்து, தன் உள்துளை வழியே ஆயிலை விடும் போல்ட்) குறுக்குத் துளையும் ஒரு ரெஸ்ட்ரிக்டர்தான். 6 மி.மீ. ஹோஸ் போட்டுவிட்டு, 1.5 மி.மீ. துளையுள்ள பான்ஜோ போல்ட்டை மாட்டினால் டர்போவுக்குக் கிடைப்பது 1.5 மி.மீ. தான்.
3. சில கம்பெனி வண்டிகளின் பான்ஜோ போல்ட்டுக்குள் சிறு வலைச் சல்லடை இருக்கும். அழுக்கைத் தடுக்க வைத்தது; கவனிக்காமல் விட்டால் அதுவே அடைத்து டர்போவைக் கொன்றுவிடும். வைத்தால் சுத்தம் செய்ய வேண்டும். நல்ல மெயின் பில்டர் இருந்து, ஆயிலை நேரத்துக்கு மாற்றுகிறவருக்கு இது அவசியமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

புஷ் டர்போவில் புகை வந்தால் ரெஸ்ட்ரிக்டர் போட்டு நிறுத்தலாமா? புகை குறையலாம். உள்ளே போவது குறைந்தால், வெளியேற முடியாமல் தேங்குவதும் குறையும் அல்லவா? ஆனால் கோளாறு அப்படியே இருக்கிறது, மேற்கொண்டு பேரிங்குக்கு ஆயிலும் குறைந்துவிட்டது. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுவிட்டு வெயிலில் ஓடுகிற மாதிரி.

ரிட்டர்ன் லைன்: பாதிப் பிரச்சினைக்கு மேல் இங்கேதான்

ஆயில் டர்போவுக்குள் 3 பார் ப்ரெஷரில் தள்ளப்படுகிறது. பேரிங்கைத் தாண்டியதும் அந்த ப்ரெஷர் முழுக்கப் போய்விடுகிறது. அதன்பின் அதைச் சம்ப்புக்கு, அதாவது எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு, கொண்டுபோவது புவியீர்ப்பு மட்டுமே. அதோடு வெளியே வருவது சுத்தமான ஆயிலும் அல்ல. ஷாஃப்ட் கடைந்து எறிந்ததால் காற்று கலந்த நுரை. இரு முனைகளிலும் உள்ள வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் புகையும் காற்றும் சேர்ந்து வரும். நுரைக்கு ஆயிலைவிட அதிக இடம் வேண்டும், அது மெதுவாகத்தான் வழியும். புகைக்கும் காற்றுக்கும் பைப்பில் தனியே இடம் வேண்டும். எனவே ரிட்டர்ன் பைப் நிரம்பி ஓடக் கூடாது. கீழே ஆயில் வழிய, மேலே காலியிடம் இருக்க வேண்டும்.

அதனால்தான் உள்ளே போகும் லைன் 5, 6 மி.மீ. இருக்க, வெளியே வருவது 16 முதல் 19 மி.மீ. வரை இருக்கிறது. பரப்பில் பார்த்தால் ஏறக்குறைய 10 மடங்கு. 10-ஆம் எண் ஹோஸ் என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளலாம். "இதே லைன்தான் கிடைச்சது, ரெண்டு பக்கமும் போட்டுட்டேன்" என்பவரின் டர்போ புகைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இப்போது சீல் விஷயம். டர்போவில் கிராங்க் முனையில் இருப்பது போன்ற ரப்பர் ஆயில் சீல் கிடையாது. அந்தச் சூட்டிலும் வேகத்திலும் ரப்பர் நிற்காது. இருப்பது பிஸ்டன் ரிங் போன்ற ஒரு சிறிய உலோக வளையம், அதற்கு முன்னால் ஆயிலைச் சுழற்றி எறியும் ஒரு விளிம்பு. வளையத்தின் வாயில் ஒரு சிறு இடைவெளியும் இருக்கும். அது ஆயிலை முழுக்க அடைப்பதில்லை. சாதாரணமாக டர்பைன் பக்கமும் கம்ப்ரஸர் பக்கமும் நடுக்கூட்டைவிட அழுத்தம் அதிகம் என்பதால், காற்று உள்ளே தள்ளுமே தவிர ஆயில் வெளியே வராது. நடுக்கூட்டில் ஆயில் தேங்கி வளையத்தின் மட்டம் வரை ஏறிவிட்டால், புத்தம்புதிய டர்போவும் கசியும். "சீல் போயிருச்சு" என்று டர்போவை மாற்றியவர்களுக்கு இரண்டாவது டர்போவும் அதேபோல் புகைப்பதன் காரணம் இதுதான்.

ஐட்லிங்கில் புகை அதிகம் தெரிவதற்கும் இதே விளக்கம். ஐட்லிங்கில் டர்பைன் பக்க அழுத்தம் குறைவு. கம்ப்ரஸர் பக்கம் லேசான வெற்றிடம்கூட உண்டாகலாம், ஏர் பில்டர் அடைத்திருந்தால் இன்னும் அதிகம். ஆயிலைத் தடுத்து நிறுத்தும் காற்று அப்போது இல்லை. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதும் அப்படியே: ஆயில் கெட்டியாக இருக்கிறது, ப்ரெஷர் 5 பாருக்கு மேல் போகிறது, ஆனால் கெட்டி ஆயில் ரிட்டர்னில் மெதுவாகத்தான் இறங்குகிறது.

ரிட்டர்ன் லைனில் பார்க்க வேண்டியவை:

1. டர்போவின் ஆயில் வெளியேறும் வாய் நேர் கீழே பார்க்க வேண்டும். பக்கவாட்டில் அதிகபட்சம் 35 டிகிரி சாயலாம். இடம் போதவில்லை என்று டர்பைன் கூட்டைத் திருப்பும்போது நடுக்கூடும் சேர்ந்து திரும்பிவிடுவது சகஜம். கூடுகளின் போல்ட்டுகளைத் தளர்த்தி நடுக்கூட்டை மட்டும் நேராக்கிக்கொள்ளலாம்.
2. பைப் தொடர்ந்து கீழ்நோக்கியே போக வேண்டும். எங்கேயாவது தொய்ந்து மீண்டும் மேலே ஏறினால் அந்த வளைவில் ஆயில் தேங்கி நிற்கும். மேலே இருக்கும் காலியிடம் அங்கே அடைபடும்.
3. மடங்கிய ஹோஸ். சூட்டில் மிருதுவாகி உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் ஹோஸ் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும்.
4. சம்ப்பில் சேரும் துளை, ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். வண்டி நிற்கும்போது டிப்ஸ்டிக் காட்டும் மேல் கோட்டைவிட மேலே வைத்துவிட்டால் பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் ஆயில் சாய்வதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஆயிலை "கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று ஊற்றும் பழக்கம் இங்கே எதிராக வேலை செய்யும்.
5. கிராங்க் சுழன்று ஆயிலை வாரி இறைக்கும் பாதைக்கு நேர் எதிரே துளை இருந்தால், அந்தச் சாரல் ரிட்டர்ன் வாய்க்குள்ளேயே அடிக்கும்.

சம்ப்பில் துளை போடுவதாக இருந்தால் கழற்றித்தான் போட வேண்டும். கிரீஸ் தடவிய ட்ரில்லால் மாட்டியிருக்கும்போதே போடலாம் என்று சொல்வார்கள். கிரீஸில் ஒட்டாமல் போன ஒரேயொரு உலோகத் துருவல் போதும், ஆயில் பம்ப் வரை போய் வேலையைக் காட்டும்.

கிராங்க்கேஸ் காற்று: யாரும் பார்க்காத மூன்றாவது வழி

ரிட்டர்ன் பைப் சரியாக இருந்தும் புகை வருகிறதா? பைப்பின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிந்த வாயு கொஞ்சம் சம்ப் பக்கம் இறங்குவது எல்லா எஞ்சினிலும் உண்டு. டர்போ மாட்டி சிலிண்டருக்குள் அழுத்தத்தைக் கூட்டினால் இதுவும் கூடும். டர்போவின் வளையங்கள் வழியாக வரும் வாயுவும் சேர்ந்துகொள்கிறது. இது வெளியேற டர்போ இல்லாத காலத்தில் வைத்த ஒரு மெல்லிய பிரீதர் குழாய் மட்டும் இருந்தால், கிராங்க்கேஸில், அதாவது கிராங்க் சுழலும் அறையில், அழுத்தம் ஏறும். வெறும் எடையால் இறங்கி வரும் ஆயிலை நிறுத்திவைக்கச் சிறிய எதிர் அழுத்தமே போதும்.

டர்போ இல்லாத எஞ்சின்களில் பிரீதர் வால்வு இன்டேக் மேனிஃபோல்டின் வெற்றிடத்தோடு இணைந்திருக்கும். டர்போ மாட்டிய பின் பூஸ்ட் (டர்போ அழுத்தி அனுப்பும் காற்று) வரும்போது அங்கே வெற்றிடம் இல்லை, அழுத்தம்தான் இருக்கிறது. அந்த வால்வு பின்னோக்கி விட்டால் பூஸ்ட் நேராகக் கிராங்க்கேஸுக்குள் இறங்கும். ஒருவழி வால்வு நன்றாக அடைக்கிறதா என்று வாயால் ஊதிப் பார்த்தாலே தெரியும். பிரீதரைப் பெரிதாக்கி, ஆயிலைப் பிடிக்கும் ஒரு டப்பா வழியாக வெளியேற்றுவது டர்போ மாட்டும் வேலையின் ஒரு பகுதி. பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதல்ல.

டர்போ சம்ப்பைவிடத் தாழ்வாக இருந்தால்

சில வண்டிகளில் இடமில்லாமல் டர்போவை மிகக் கீழே, சில சமயம் பின்பக்கச் சைலன்சர் அருகேகூட வைக்கிறார்கள். அங்கே புவியீர்ப்பு உதவாது. ஒரு சிறிய தொட்டியில் ஆயிலை இறக்கி, அதிலிருந்து தனி பம்ப் மூலம் சம்ப்புக்கு ஏற்ற வேண்டும். அந்த பம்ப் சூடான ஆயிலையும் நுரையையும் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். பெட்ரோல் பம்ப் அதற்கு ஆகாது. எஞ்சினை அணைத்த பின் பிளாக்கிலிருந்து ஆயில் தானாகவே டர்போவுக்கு இறங்காதபடி உள்ளே போகும் லைனில் ஒருவழி வால்வும் தேவைப்படும். பம்ப் நின்றால் எச்சரிக்கும் விளக்கு இல்லாமல் இந்த அமைப்பை ஓட்டுவது, என் கணிப்பில், டர்போவைப் பணயம் வைப்பதுதான். வேறு இடம் இருந்தால் டர்போவை மேலே ஏற்றுவதே மலிவு.

சூடும் கரியும்

ஹைவேயில் விரட்டிவிட்டு வந்து உடனே எஞ்சினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும். டர்பைன் கூட்டின் சூடு நிற்காது. அது ஷாஃப்ட் வழியாகப் பேரிங்குக்கு நகர்கிறது. அங்கே தங்கியிருக்கும் ஆயில் வெந்து கரியாகும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து, ஆயில் துளைகளைச் சுருக்கும். கடைசி ஒன்றிரண்டு நிமிடம் மெதுவாக ஓட்டிவிட்டு அணைத்தால் இது பெருமளவு குறையும்.

தண்ணீர் வழி உள்ள டர்போ என்றால் அதைக் கட்டாயம் இணைக்க வேண்டும். எஞ்சின் நின்ற பிறகும் சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி, குளிர்ந்தது கீழே வந்து, பம்ப் இல்லாமலே கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். ஆயில் இருக்கிறதே, தண்ணீர் எதற்கு என்று அந்த வாய்களை அடைத்துவிடுபவர்கள், டர்போ எந்த நேரத்தில் கெடுகிறது என்பதை யோசிப்பதில்லை.

ஆயில் விஷயத்தில் சுருக்கமாக: நல்ல சிந்தெடிக், எஞ்சினுக்குப் பொருந்தும் கிரேடு, டர்போ இல்லாத காலத்தைவிடச் சீக்கிரமே மாற்றுவது. உள்ளே போகும் லைன் சூட்டைத் தாங்கும் ஸ்டீல் வலை போர்த்திய டெஃப்லான் ஹோஸாக இருக்கலாம். ஆனால் அந்த ஸ்டீல் வலை ஒரு அரம் போல வேலை செய்யும். பக்கத்தில் செல்லும் ஒயர், பெட்ரோல் பைப், எதன் மீது உரசினாலும் சில மாதத்தில் அறுத்துவிடும். கிளாம்ப் போட்டு விலக்கி வையுங்கள்.

முதல் ஸ்டார்ட்

புது டர்போ அதிகம் சேதமாவது முதல் அரை நிமிடத்தில்தான். லைன் காலி, பேரிங் காய்ந்திருக்கிறது, எஞ்சின் ஓடிவிட்டது.

1. ஃபீட் வாயில், அதாவது ஆயில் உள்ளே போகும் வாயில், சுத்தமான ஆயிலை ஊற்றி, கம்ப்ரஸர் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள்.
2. ஃபீட் லைனை மாட்டி, ரிட்டர்னைத் திறந்தே வைத்து, கீழே ஒரு டப்பா வையுங்கள்.
3. பெட்ரோலும் ஸ்பார்க்கும் வராதபடி ஃபியூஸைக் கழற்றிவிட்டு, விட்டுவிட்டு கிராங்க் செய்யுங்கள். ரிட்டர்ன் வாயில் ஆயில் வழிவதைக் கண்ணால் பார்த்த பிறகே அதை இணைக்க வேண்டும்.
4. எஞ்சின் ஓடியதும் ஆக்சிலேட்டரைத் தொடாமல் சில நிமிடம் விடுங்கள். கசிவு பார்த்துவிட்டு, அணைத்து, ஆயில் மட்டத்தை மறுபடி சரிபாருங்கள்.

புகை வந்தால் எந்த வரிசையில் தேடுவது?

டர்போவைக் கழற்றுவது கடைசி வேலை. அதற்கு முன்:

1. எஞ்சின் ஐட்லிங்கில் புகைக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். சில நிமிடத்தில் புகை குறைந்தால், கிராங்க்கேஸ் அழுத்தம்தான் குற்றவாளி. பிரீதரைப் பாருங்கள்.

2. குறையவில்லையா? ரிட்டர்ன் ஹோஸைச் சம்ப் பக்கம் கழற்றி, நேராகக் கீழே ஒரு பெரிய டப்பாவில் விட்டு, சம்ப் துளையை அடைத்துக்கொண்டு, ஒரு நிமிடத்துக்குள் ஐட்லிங்கில் பாருங்கள். எஞ்சின் ஆயில் டப்பாவுக்குப் போய்க்கொண்டிருக்கும் என்பதால் இதை நீட்டிக்கக் கூடாது. எவ்வளவு வழிகிறது என்பதும், நுரையாக வருகிறதா என்பதும் கண்ணுக்குத் தெரியும். புகை அடங்க ஆரம்பித்தால் ரிட்டர்ன் பாதையின் கீழ்ப்பகுதியில், அல்லது சம்ப் துளையின் இடத்தில்தான் தவறு.

3. இரண்டிலும் மாற்றமில்லை என்றால் டர்போ வாயில் ஒரு ப்ரெஷர் மீட்டரை மாட்டிப் பார்க்க வேண்டும். பால் பேரிங்கில் சூடான எஞ்சினின் உச்ச வேகத்தில் 3 பாருக்கு மேல் காட்டினால் ரெஸ்ட்ரிக்டர் பற்றிப் பேசலாம்.

4. அதுவும் சரி என்றால் டர்போவைக் கழற்றலாம். பிரித்தால் பாகங்களே சொல்லும். ஷாஃப்ட் நீலம் பாரித்து, புஷ் அதில் அப்பியிருந்தால் ஆயில் கிடைக்கவில்லை. கோடு கோடாகக் கீறல் இருந்தால் ஆயிலில் அழுக்கு. டர்பைன் பக்கம் கறுப்பாகக் கெட்டித்த கரி இருந்தால் சூட்டோடு அணைத்த பழக்கம், அல்லது தண்ணீர் இல்லை. இவை எதுவும் இல்லாமல் பேரிங் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் இரு பக்கமும் ஆயில் நனைந்திருக்கிறது என்றால், நல்ல டர்போவைத்தான் கழற்றியிருக்கிறீர்கள்.

கோளாறைச் சரிசெய்த பின்னும் உடனே புகை நிற்காது. சைலன்சரிலும் இன்டர்கூலரிலும் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பகுதி) ஏற்கெனவே கொட்டிய ஆயில் எரிந்து தீர வேண்டும். இன்டர்கூலரைக் கழற்றி ஆயிலை வடித்து, கம்ப்ரஸரின் வெளிவாயைத் துணியால் துடைத்துவிட்டு ஓட்டுங்கள். நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, அந்த வாயை மறுபடி திறந்து விரலால் தடவிப் பார்த்தால் ஈரம் இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.